கனத்த குண்டு ஆழமாகப் பாயுமா?

1870களில் ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய ஃபிரெடரிக் செலூஸ், கால் பவுண்டு ஈய உருண்டைகளைச் சுடும் துப்பாக்கிகளைத் தூக்கித் திரிந்தார். ஓர் உருண்டை 113 கிராம். பெரிய விலங்கென்றால் கனத்த குண்டு வேண்டும் என்றே அன்று எல்லோரும் நம்பினார்கள். அடுத்த தலைமுறையில் வந்த ஸ்காட்லாந்துக்காரர் வால்டர் பெல், 11.2 கிராம் குண்டால் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். தந்தத்துக்காக நடந்த அந்தக் கொலைகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஆனால் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள குண்டு யானையின் மண்டையோட்டைத் துளைத்து மூளை வரை போனது எப்படி?

எடை பாதிக் கணக்குதான். அதை எவ்வளவு அகலமான முகப்பு சுமக்கிறது என்பது மறுபாதி. ஒரே எடையில் கடப்பாரையும் சம்மட்டியும் இருந்தால், மண்ணில் இறங்குவது கடப்பாரைதான். இந்த உறவை எண்ணாக்கிச் சொல்வது குறுக்குவெட்டு அடர்த்தி: பவுண்டில் எடை, வகுத்தல் அங்குலத்தில் விட்டத்தின் வர்க்கம்.

செலூஸின் உருண்டைக்கு விட்டம் சுமார் 1.05 அங்குலம், கணக்குப் போட்டால் 0.23 வரும். பெல்லின் ஒல்லியான நீளக் குண்டுக்கு விட்டம் 0.284 அங்குலம், விடை 0.31. இன்னொன்றையும் பாருங்கள். யானைக்கென்றே செய்த .577 நைட்ரோ எக்ஸ்பிரஸ் துப்பாக்கியின் குண்டு 48.6 கிராம். பெல்லுடையதைப் போல நான்கு மடங்குக்கு மேல் எடை. ஆனாலும் அதே 0.31தான்! உருண்டையில் எடையைக் கூட்டினால் முகப்பும் சேர்ந்து அகலும். நீளக் குண்டில் அந்தத் தொல்லை இல்லை. அது பறக்கும்போது புரளாமலிருக்கச் சுழல வேண்டும். குழலுக்குள் வெட்டிய புரிகள் அந்தச் சுழற்சியைத் தருகின்றன. புகையில்லா வெடிமருந்து தந்த வேகமும் பெல்லுக்குக் கைகொடுத்தது. யானை மண்டையோடுகளை அறுத்து மூளை இருக்கும் இடத்தையும் அவர் படித்து வைத்திருந்தார்.

இந்த எண்ணை நம்புவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: குண்டு உருமாறக் கூடாது. மென்மையான ஈய மூக்குள்ள குண்டு சதையில் பட்டதும் காளான்போல் விரியும். விட்டம் இரட்டித்தால் முகப்புப் பரப்பு நான்கு மடங்காகும். எடை சிதறாமல் நின்றால்கூடக் குறுக்குவெட்டு அடர்த்தி கால்பங்காகச் சரிந்துவிடும். பெல் முழு உலோக உறை போட்ட, விரியாத குண்டுகளையே சுட்டதற்குக் காரணம் இதுதான்.

இன்று முழுக்கச் செம்பில் செய்யும் குண்டுகள் விரிந்தாலும் எடையை அநேகமாக இழப்பதில்லை. அதனால் எடை குறைந்த செம்புக் குண்டு, தன்னைவிடக் கனமான ஈயக் குண்டு போகும் ஆழத்துக்குப் போய்விடுகிறது. சுடுவதற்கு முன் போட்ட கணக்கு மட்டும் பாயும் ஆழத்தைச் சொல்லிவிடாது.