ஃபைல் சார்ஜைத் தள்ளுபடி செய்ய ஒர்க்‌ஷாப் யார்?

அமெரிக்காவின் டெக்சாஸில் ஆலங்கட்டி மழை ஓய்ந்ததும் கூரை கான்ட்ராக்டர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். இன்ஷூரன்ஸில் வீட்டுக்காரர் கட்ட வேண்டிய முதல் பங்கைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்வதையே குற்றமாக்கும் சட்டம் 2019 செப்டம்பரில் அங்கே நடைமுறைக்கு வந்தது. திருச்சியில் மொட்டைமாடி ஒழுகினால் இன்ஷூரன்ஸை நினைப்பவர் அபூர்வம். ஆனால் அதே பேச்சு இங்கே கார் ஒர்க்‌ஷாப் வழியாக வருகிறது. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் உரசியிருக்கலாம், தில்லைநகரில் பைக் இடித்திருக்கலாம். “ஃபைல் சார்ஜ் நீங்க தர வேண்டாம் சார், பில்லுல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்று யாராவது சொன்னால் உஷாராக வேண்டும்.

ஃபைல் சார்ஜ் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லப்படுவது பாலிசியில் உள்ள கட்டாயக் கழிவு. 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. சேதத்தில் அந்த அளவு உரிமையாளருடையது என்பதே ஒப்பந்தம். நசுங்கிய கதவை டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்துவிட்டு, புதுக் கதவு மாட்டியதாக பில் போட்டால் ‘அட்ஜஸ்ட்’ ஆகிவிடும். ஆயிரத்தை மறைக்கக் கிளம்பிய பில் பல ஆயிரம் ஊதும். 50,000 ரூபாய்க்குக் குறைவான வாகனச் சேதத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயர் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. பொய் நுழைய வசதியான இடம் அதுதான். க்ளெய்ம் ஃபாரத்தில் இருப்பதோ உங்கள் கையெழுத்து.

தன் லாபத்திலிருந்து ஒர்க்‌ஷாப் விட்டுக்கொடுத்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உண்மையான தள்ளுபடி என்றால் பில்லில் எழுதட்டும். குறைந்த அந்தத் தொகையிலிருந்து கம்பெனி கழிவைப் பிடிக்கும், ஆயிரம் மறுபடி உங்கள் தலையில்தான் வரும். எழுத மறுக்கும் தள்ளுபடி, கம்பெனிக்குப் பொய் விலை காட்டுவதே. இந்த ஆசையில் சின்னக் கீறலுக்கும் க்ளெய்ம் போடுபவர் இன்னொன்றையும் இழக்கிறார். ஐந்து ஆண்டு க்ளெய்ம் இல்லாதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் போனஸ். ஒரு க்ளெய்மில், போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவருக்கு அது பூஜ்யமாகும். பிறகு 20, 25, 35, 45 என ஏறித்தான் பழைய 50-க்கு வரும். அந்தப் பிரீமியம் மாறாமல் ஆண்டுக்கு 8,000 ரூபாய் என்று வைத்தால், இடையில் கைநழுவும் தள்ளுபடி மொத்தம் 10,000. பெரிய விபத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது தயங்காமல் க்ளெய்ம் செய்ய வேண்டியதுதான்.

கம்பெனிக்காரன் மட்டும் யோக்கியனா என்ற கோபம் மிச்சமிருக்கிறது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழிக்கும்போது எரிச்சல் வரத்தான் செய்யும். அதற்கு, தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ கூடுதல் பாதுகாப்பு எடுக்கலாம். கழித்தது தவறென்றால் கணக்கு கேட்டுக் கம்பெனிக்கு எழுதலாம். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஊதிப் பெருத்த பில் உள்ள ஃபைலைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிற்க முடியாது.