ஏல அறிவித்தலுக்கு முன்னரே நாட வேண்டிய சட்டத்தரணி

வரக்காப்பொலையிலும் அதைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டப் பகுதிகளிலும் லயத்தை விட்டு வெளியேறி, சிறு காணியொன்றை வாங்கி வீடு கட்டிய குடும்பங்களுக்குப் பெரும்பாலும் அந்த வீட்டின் உறுதியே கடனுக்கு வைக்கக்கூடிய ஒரே பிணையாக இருப்பதால், தவணை தவறும்போது முதலில் ஆபத்துக்குள்ளாவதும் அதுவே ஆகும்.

வங்கி வழக்குத் தொடுத்தால்தானே வீடு போகும், அழைப்பாணை வந்த பிறகு சட்டத்தரணியைப் பார்க்கலாம் என்னும் எண்ணம் இலங்கையில் மிகவும் ஆபத்தானது. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க, வங்கிகள் கடன்களை அறவிடுவதற்கான விசேட ஏற்பாடுகள் சட்டம், நீதிமன்றத்தை நாடாமலே வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானத்தின் மூலம் ஈடு வைக்கப்பட்ட ஆதனத்தைப் பகிரங்க ஏலத்தில் விற்பதற்கு இடமளிக்கிறது. 'பராட்டே' என மக்கள் குறிப்பிடுவது இந்த அதிகாரத்தையே. தீர்மானம் வர்த்தமானியிலும் மும்மொழி நாளிதழ்களிலும் வெளியிடப்பட்டுக் கடனாளிக்கும் அனுப்பப்பட வேண்டும் என்பதும், ஏலத்துக்கு முன்னர் நிலுவையையும் செலவையும் செலுத்தி விற்பனையைத் தவிர்க்கலாம் என்பதும் அச்சட்டம் தரும் பாதுகாப்புகள். விற்பனை முடிந்து சான்றிதழ் வழங்கப்பட்டதும் இந்த வாய்ப்புகள் பெரிதும் அடைபட்டுவிடுவதோடு, கொள்வனவாளர் உடைமையைப் பெறுவதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கவும் உரித்துடையவராகிறார். பொருளாதார நெருக்கடியின் பின் 2024 இல் இவ்வதிகாரம் இடைநிறுத்தப்பட்டதும் தற்காலிக ஏற்பாடாகவே இருந்தது.

ஆகவே, நிலுவையைச் செலுத்துமாறு கோரும் முதற் கடிதம் கிடைத்தவுடனேயே சட்டத்தரணியை நாடுவது அவசியம். 2011 ஆம் ஆண்டுத் திருத்தங்களின்படி, மூலக் கடன் ஐம்பது இலட்சம் ரூபாவுக்குக் குறைவாக உள்ளவிடத்து 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பராட்டே நடவடிக்கை எடுக்க முடியாது. வட்டியும் தண்டமும் அக்கணக்கில் சேர்வதில்லை. எனினும், சில அரச வங்கிகள் தமக்கெனத் தனிச் சட்டங்களைக் கொண்டிருப்பதால், எந்தச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கப்படுகிறது என்பதைச் சட்டத்தரணி முதலில் கண்டறிய வேண்டும். மகன் பெற்ற கடனுக்குத் தந்தை தமது வீட்டை ஈடு வைத்திருந்தால் இன்னொரு வாதமும் உண்டு. ராமச்சந்திரன் எதிர் ஹற்றன் நஷனல் வங்கி வழக்கில் உயர் நீதிமன்றம், கடன் பெறாத மூன்றாம் ஆளின் ஆதனத்துக்கு 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பராட்டே அதிகாரம் செல்லாது எனப் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. ஆனால் கம்பனியின் கடனுக்குத் தம் ஆதனத்தை ஈடு வைத்த பணிப்பாளர்களின் நிலை பின்னைய தீர்ப்புகளில் வேறாக நோக்கப்பட்டுள்ளது.

தனியாரிடம் பெறும் கடனில் ஆபத்து வேறு வடிவெடுக்கிறது. கடன் கொடுப்பவர் ஈட்டு முறிக்குப் பதிலாக, காணியை விற்றதாகக் கூறும் அறுதி உறுதியை எழுதி வாங்கிக்கொள்வதுண்டு. விலை பெறுமதியைவிட மிகக் குறைவாயிருந்து, விற்றவரே தொடர்ந்து குடியிருந்து, வட்டியும் செலுத்தப்பட்டிருந்தால், நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவின்கீழ், பயனுரித்தைக் கையளிக்கும் எண்ணம் இருக்கவில்லை என வாதிடலாம். குறித்த காலத்துள் மீட்கலாம் என்ற நிபந்தனையோடு உறுதி எழுதப்பட்டிருப்பின், அக்காலம் முடியுமுன் கடன் இணக்கச் சபையிடம் விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. நாள் கடந்தால் அவ்வழி அடைபடும். வட்டி செலுத்தியதை நிரூபிக்க வேண்டியிருப்பதால், பற்றுச்சீட்டுகளையும் வங்கி வைப்புத் துண்டுகளையும் ஒன்றுகூட எறியாமல் பேணுவது முக்கியம்.

உறுதியை எழுதிய நொத்தாரிசு பெரும்பாலும் சட்டத்தரணியாகவும் இருப்பதால், கடனாளி பழக்கத்தின் பேரில் அவரிடமே திரும்பச் செல்வது தவறு. அவரே வங்கிக்கோ கடன் கொடுத்தவருக்கோ ஆலோசகராக இருக்கக்கூடும், வழக்கில் சாட்சியாகவும் அழைக்கப்படக்கூடும். நியமிக்கப்படுபவர் காணி வழக்குகளில் பயின்றவராக இருக்க வேண்டும். கட்டணத்தை எழுத்தில் பெறுவதும், கொடுக்கும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குவதும், வெற்றுத் தாளில் ஒப்பமிடாதிருப்பதும் அவநம்பிக்கையல்ல, கடனாளியின் உரிமைகள். கட்டணம் செலுத்த இயலாதோர், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். வங்கி மீதான முறைப்பாடுகளை மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தில் தெரிவிக்கலாம். வரக்காப்பொலை அடங்கும் கேகாலை மாவட்டத்தில் நீதிமன்ற மொழி சிங்களமாயினும், அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை வழக்காளி தமிழில் மனுச் சமர்ப்பிக்கவும், அரச செலவில் மொழிபெயர்ப்பைக் கோரவும் உரிமையளிக்கிறது. இதனை வழக்கின் முதல் தவணையிலேயே கோருமாறு சட்டத்தரணிக்கு அறிவுறுத்துவது கடனாளியின் பொறுப்பு.