ஸ்டவுட்டில் இனிப்பு எங்கிருந்து வருகிறது?

இலங்கையின் லயன் ஸ்டவுட் என்னும் பீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் வெளிச்சம் ஊடுருவாத கருப்பு. மேலே பழுப்பு நுரை. மூக்கருகே கொண்டுபோகும்போதே கருப்பட்டி, பேரீச்சை, திக்கான டிகாக்‌ஷன் வாசனை. வாயில் கனமாகப் படர்ந்து இனிக்கிறது. விழுங்கிய பிறகு நெஞ்சுக்குள் ஒரு சூடு. ஆல்கஹால் 8.8 விழுக்காடு. இனிப்புக்காகச் சர்க்கரையை அள்ளிப் போட்டிருப்பார்களோ என்று தோன்றும். ஆனால் இந்த இனிப்பில் பெரும்பகுதி நாக்குக்கு வெளியே உருவாவது.

குழந்தைக் கஞ்சிக்குக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முடிந்து, முளைவிட்டதும் காயவைத்து அரைக்கிறார்களே, பீருக்கான மால்ட்டின் தொடக்கமும் அதேதான். முளைக்கும் தானியம் தன் மாவுச்சத்தை உடைக்க அமைலேஸ் என்னும் நொதியைப் பயன்படுத்துகிறது. முளைகட்டிய மாவில் கஞ்சி கெட்டிப்படாமல் இளகி நிற்பது இதனால்தான். பார்லியில் இந்த நொதிக்கு வீரியம் அதிகம். ஆலையில் பார்லி மால்ட்டை ஊறவைக்கும் வெந்நீர் 63 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் மால்ட்டோஸ் சர்க்கரை நிறையக் கிடைக்கும். ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். 70 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட்டுக்குச் செரிக்காத டெக்ஸ்ட்ரின்கள் மிஞ்சும். இவை பெரிதாக இனிப்பதில்லை. ஆனால் வாயில் அந்தக் கனம் இவற்றால்தான் கூடுகிறது. கனமாக இருப்பதை மூளை இனிப்போடு சேர்த்தே படிக்கிறது.

மிச்ச வேலை மூக்குக்கு. மால்ட்டை வறுக்கும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து கேரமல், சாக்லேட், காபி மணங்கள் பிறக்கின்றன. பிரெஞ்சுக்காரர் லூயி கமீல் மெய்யார் 1912இல் விவரித்த வினை இது. அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே, 1817இல், இங்கிலாந்தின் டேனியல் வீலர் உருளையில் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஸ்டவுட்டின் கருப்பு அந்த உருளை தந்தது. சத்து மிகுந்த கரைசலில், வெதுவெதுப்பில் வேலை செய்யும் ஈஸ்ட், எஸ்டர்கள் என்னும் மணப்பொருள்களைத் தாராளமாக விடும். வாழைப்பழ வாசனை, அவற்றுள் ஒன்றான ஐசோஅமைல் அசிடேட்டின் கைவண்ணம். பழமும் கேரமலும் மணந்தால் நாக்கு இனிப்பை எதிர்பார்த்துவிடுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்தால் வித்தியாசம் தெரியும்.

லயனின் தொடக்கம் இலங்கையின் மலையூரான நுவரெலியா. அங்கே சாமுவேல் பேக்கர் 1849இல் பீர் காய்ச்சத் தொடங்கினார். 1881இல் அது வணிக ஆலையானது. பீர் காய்ச்ச அந்த மலைக்குளிர் தோது, அன்று வேறு குளிர்பதனம் ஏது? பின்னாளில் உற்பத்தி கொழும்பை ஒட்டிய பியகமவுக்கு இறங்கியது. பீர் விமர்சகர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல, அதே பெயர் கொண்ட ஆங்கிலேயர்) லயன் ஸ்டவுட்டைப் புகழ்ந்து எழுதினார்.

டாஸ்மாக்கில் ‘ஸ்ட்ராங்’ பீர் என்று கேட்டு வாங்குவது வேறு சங்கதி. இந்தியத் தரவிதிப்படி 5 முதல் 8 விழுக்காடு வரை ஆல்கஹால் இருந்தால் ஸ்ட்ராங். மால்ட் எவ்வளவு என்பது அந்தப் பெயருக்குள் இல்லை. அரிசியும் சர்க்கரையும் சேர்த்தால் ஆல்கஹால் ஏறும், கனம் ஏறாது. அதை ‘கூலிங்’காகக் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இனிப்பை உணர்த்தும் டி.ஆர்.பி.எம்.5 என்ற புரதம் குளிரில் மந்தமாகிவிடும், வாசனையும் எழும்பாது. ருசியை மறைக்க வேண்டிய பீருக்கு ஐஸ் உதவும். ஸ்டவுட்டுக்கு அதுவே கேடு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்தால்தான் பேரீச்சை வெளிவரும்.

நெஞ்சுச் சூட்டுக்கும் கணக்கு உண்டு. மிளகாய் காரத்தை உணர்த்தும் டி.ஆர்.பி.வி.1 ஏற்பியைக் கண்டறிந்ததில் டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வழக்கமாக 42 டிகிரி அளவில் விழித்துக்கொள்ளும் இந்த ஏற்பி, எத்தனால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துவிடும். அப்போது நம் உடம்புச் சூடே நமக்குச் சுடுகிறது.

மால்ட் இனிப்பு இந்தச் சூட்டை மழுப்பிவிடுவதுதான் சிக்கல். 330 மில்லி லயன் ஸ்டவுட்டில் ஏறக்குறைய 23 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, 42.8 விழுக்காடு விஸ்கியின் ஒரு லார்ஜில், அதாவது 60 மில்லியில், 20 கிராம்.