நிலம் விற்ற அங்கத்தினருக்கு

சென்ற சாரல் காலத்தில், குற்றாலத்தை அடுத்த சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். முதிய அங்கத்தினர் ஒருவர், மகளின் திருமணத்திற்காகத் தென்னந்தோப்பை விற்று, அந்த ஆதாயத்திற்கு வரி செலுத்திய ரசீதை நம்மிடம் காட்டினார். அது செலுத்த வேண்டாத வரி! திருத்திய கணக்கு அனுப்பும் கெடுவும் கடந்துவிட்டிருந்தது.

வேளாண்மை வருமானம் வருமானவரிக்கு உட்படாது என்பதை அனைவரும் அறிவர். நாட்டுப்புற விளைநிலத்தை விற்ற ஆதாயமும் உட்படாது என்பதை அறிந்தோர் சிலரே. பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை மக்கள் வாழும் நகராட்சி அல்லது பேரூராட்சியின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால் நிலம் இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தென்காசியின் மக்கள்தொகை 70,545. ஆகவே இத்தூரமே பொருந்தும். 2013ஆம் ஆண்டு நிதிச் சட்டத்திற்குப் பின், தூரத்தை நேர்கோட்டில், வான்வழியாகவே அளக்கின்றனர். மலையடிவாரச் சாலையின் வளைவுகள் நமக்கு உதவா! இடையிலுள்ள பேரூராட்சிகளின் எல்லையையும் பார்த்துக்கொள்க.

நிலம் எல்லைக்குள் அமைந்துவிட்டாலோ? விற்பதற்கு முந்திய ஈராண்டும் தாமோ பெற்றோரோ அதில் பயிரிட்டிருந்து, விற்ற பின் ஈராண்டுக்குள் வேறு விளைநிலம் வாங்கினால், அதன் விலையளவுக்கு ஆதாயத்தில் விலக்குண்டு. வாங்கத் தாமதமாயின், வரிக் கணக்கு அனுப்பும் கெடுவுக்கு முன் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் செலுத்திவிட வேண்டும். புதிய நிலத்தை மூன்றாண்டுகளுக்குள் விற்றலாகாது. கிரயப் பத்திரம் எழுதுமுன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் பெற்று வையுங்கள். பயிரிட்டதற்கு அது நல்ல சான்று.