சேஃப்டி பழுதான பிஸ்டலை யாரிடம் கொடுப்பது?

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் சிலருக்கு ஒரு பழக்கம் உண்டு. பிஸ்டலின் சேஃப்டி தளர்ந்து, போட்ட இடத்தில் நிற்காமல் நழுவினால், தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் ‘கொஞ்சம் பாருங்க’ என்று நீட்டிவிடுவார்கள். அவர் நல்ல கைத்திறன் உள்ளவராகவே இருக்கலாம். ஆனால், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பிரிவு 5, உற்பத்தி, விற்பனையோடு பழுதுபார்ப்பதையும் உரிமம் வேண்டிய தொழில்களில் சேர்த்திருக்கிறது. உரிமம் இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை. அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஒரு ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்த பட்டறைக்காரர், கள்ளத் துப்பாக்கி செய்பவரோடு ஒரே பிரிவில் நிற்க நேரும். நட்புக்காகக் கைவைத்தவரை அந்த நிலைக்குத் தள்ளுவது என்ன நியாயம்?

பழுது ஏன் வருகிறது? நம்மிடையே புழங்கும் வெளிநாட்டு பிஸ்டல்களில் பெரும்பாலானவை மிகப் பழையவை. 1980களுக்குப் பிறகு தனிநபர் இறக்குமதி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. அதனால் தாத்தா காலத்துப் பிஸ்டல்களைக்கூடப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். விலை ஏறினாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பழசுதான். கடற்கரை ஊர்களில் துரு ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைத்தால் கிரீஸ் பிசினாக இறுகுகிறது. தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியைக் கொக்கிபோல் பிடித்து நிறுத்தும் ‘சியர்’ என்ற சிறு துண்டின் விளிம்பு தேய்ந்தாலும் ஆபத்து. ‘ட்ரிகர் லேசாக இருக்கட்டும்’ என்று யாரோ எப்போதோ அதை உரசித் தேய்த்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

சேஃப்டி போட்டிருக்கும்போதே ட்ரிகரை இழுத்தால் சுத்தி விழுவது, சேஃப்டியை எடுத்த மாத்திரத்தில் சுத்தி தானாக விழுவது, உறையில் செருகும்போதே சேஃப்டி விலகிவிடுவது ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் அந்த பிஸ்டலை இனி எடுத்துச் செல்லக் கூடாது. சந்தேகம் வந்தால் வீட்டில் தோட்டா போட்டுச் சோதித்துப் பார்ப்பதும் கூடாது.

காலி செய்யும்போது வரிசை முக்கியம். குழல்வாய் ஆளில்லாத திசையில் இருக்க வேண்டும், மணல் நிரப்பிய வாளியை நோக்கி இருந்தால் நல்லது. விரல் ட்ரிகருக்கு வெளியே. முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகே ஸ்லைடை இழுத்து, சேம்பரில் உள்ள தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும். வரிசை மாறினால், எடுத்த தோட்டாவுக்குப் பதிலாக மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே போய் உட்கார்ந்துவிடும். சில பிஸ்டல்களில் சேஃப்டி போட்டிருந்தால் ஸ்லைடு நகராது. காலி செய்வதற்கே சேஃப்டியை எடுத்தாக வேண்டும். பழுதானதில் மிக அபாயமான நொடி அதுதான். தோட்டா சிக்கிக்கொண்டாலோ ஸ்லைடு நகர மறுத்தாலோ வலுக்கட்டாயம் வேண்டாம். அப்படியே பத்திரப்படுத்தி, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்லிவிடுங்கள். தோட்டாவோடு பையில் போட்டு பஸ்ஸில் கிளம்பிவிடாதீர்கள்.

நீங்களே போக முடியாத நிலையிலும் வழி இருக்கிறது. உங்கள் எழுத்துபூர்வ அனுமதியோடு, லைசென்ஸ் இல்லாத ஒருவரும் பழுதுபார்க்க துப்பாக்கியைக் கொண்டு செல்லலாம் என்று ஆயுதச் சட்டத்தின் பிரிவு 3 அனுமதிக்கிறது. வாய்ச்சொல் போதாது. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி கூலியைப் பற்றியது அல்ல. பழுதுபார்க்கும் உரிமம் இருக்கிறதா என்பதுதான். விற்பனைக்கு மட்டும் உரிமம் வைத்திருக்கும் கடைகளும் உண்டு. ஒப்படைக்கும்போது துப்பாக்கி எண், பழுதின் விவரம், தேதி ஆகியவை எழுதிய ரசீது வாங்குங்கள். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறும்போதும் சேஃப்டி சரியாக நிற்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவது நல்லது. பல வாரம் கிடந்த துப்பாக்கியை வாங்கியதும் உறையில் செருகிக்கொண்டு வருவது நம் ஊர் வழக்கம்.

புதிதாக வாங்கியதில் பழுது என்றால் அது நுகர்வோர் வழக்கு. குறைபாடான பொருளுக்கு மாற்றோ, பணமோ, பழுது நீக்கமோ கேட்கலாம். பழுதால் யாருக்காவது காயமோ மரணமோ நேர்ந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ‘பொருள் பொறுப்பு’ அத்தியாயத்தில் தயாரிப்பாளர்மீது இழப்பீட்டு வழக்கு தொடுக்கலாம். காலக்கெடு 2 ஆண்டு. ஆனால், பொருளை மாற்றியமைத்திருந்தாலோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்றவர்மீது அந்த வழக்கே தொடர முடியாது என்கிறது பிரிவு 87. பட்டறையில் உரசிய சியர் இங்கேயும் வந்து குறுக்கே நிற்கும்.

அமெரிக்காவில் டாரஸ் நிறுவனத்தின் 9 மாடல்களில், சேஃப்டி போட்டிருந்தாலும் வெடிக்கலாம், கீழே விழுந்தாலும் வெடிக்கலாம் என்று வழக்கு வந்தது. சுமார் 10 லட்சம் பிஸ்டல்கள் சம்பந்தப்பட்டவை. நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2016இல் புளோரிடா கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, திருப்பித் தந்தவர்களுக்குப் பணமோ, சோதித்துப் பழுது நீக்குவதோ கிடைத்தது. துப்பாக்கிகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் அந்நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு இல்லாததால் நீதிமன்றமே வழியாயிற்று. நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஆபத்தான பொருட்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குப் பிரிவு 20இன்படி உண்டு. ஒரே மாடலில் பலருக்கும் ஒரே பழுது என்றால் அங்கேயும் எழுதலாம். ஆலோசனைக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, துப்பாக்கி வாங்கிய ஊருக்குப் போக வேண்டியதில்லை. வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பில், ரசீது, கடைக்காரர் கழற்றி மாற்றிய பழைய ஸ்பிரிங் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி ஒரே உறையில் வைத்திருங்கள்.