கருப்பு அண்டாவில் குதிப்பது யார்? பன்றி மேய்க்கும் பையனுக்கு வந்த சோதனை!

புதுக்கோட்டை:-

கதாநாயகன் என்றால் ராஜா வீட்டுப் பிள்ளையாக இருப்பான். இல்லாவிட்டால் துப்பாக்கி ஏந்திய போலீஸ் அதிகாரியாக வருவான். ஆனால் இந்தக் கதையின் நாயகன் பன்றி மேய்க்கிறவன். அதுவும் முழு மேய்ப்பன் கூட இல்லை. உதவி மேய்ப்பன்!

அவன் பெயர் டாரன். அவன் மேய்க்கும் பன்றியின் பெயர் ஹென் வென். அந்தப் பன்றிக்குத்தான் வலை வீசித் தேடுகிறான் தலையில் கொம்பு முளைத்த கொடிய ராஜா ஒருவன்.

பன்றியைக் காப்பாற்றுவதா, கைவிடுவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்.

1986-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டின் பெயர் 'தி பிளாக் கால்ட்ரன்'. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கருப்பு அண்டா. அதன் விவரம் வருமாறு:-

செத்தவனை எழுப்பும் அண்டா

லாயிட் அலெக்சாண்டர் என்ற எழுத்தாளர் 1964 முதல் 1968 வரை 5 புத்தகங்களாக எழுதிய கதை இது. முதல் இரண்டு புத்தகங்களை வைத்து வால்ட் டிஸ்னி கம்பெனி 1985-ல் கார்ட்டூன் படம் எடுத்தது.

செலவு 4 கோடியே 40 லட்சம் டாலர். அதுவரை வந்த கார்ட்டூன் படங்களில் அதிகச் செலவில் எடுத்த படம் அதுதான். அமெரிக்காவில் வசூல் ஆனதோ சுமார் 2 கோடியே 10 லட்சம் டாலர். பாதி கூடத் தேறவில்லை!

படம் வெளிவருவதற்கு முன்பே கம்பெனிக்குள் ரகளை. குழந்தைகள் பயந்து அலறும் என்று புதிதாக வந்த அதிகாரி ஜெஃப்ரி காட்சன்பெர்க் கத்தரியை எடுத்தார். சுமார் 12 நிமிடப் படம் வெட்டப்பட்டது. அப்படியும், பெற்றோர் துணையோடு பார்க்க வேண்டிய படம் என்ற முத்திரை விழுந்தது. டிஸ்னி கார்ட்டூன் படம் ஒன்றுக்கு இப்படி முத்திரை விழுந்தது அதுவே முதல் தடவை.

பயப்படக் காரணம் உண்டு. அந்த அண்டாவுக்குள் பிணத்தைப் போட்டால் அது எழுந்து கத்தி தூக்கும். செத்தவர்களைக் கொண்டே பட்டாளம் திரட்டப் பார்க்கிறான் கொம்பு ராஜா. அண்டா எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. துப்புச் சொல்லக் கூடிய சக்தி ஹென் வென் பன்றிக்குத்தான் உண்டு. அதனால்தான் இந்தத் தேடுதல் வேட்டை!

படம் படுத்தாலும், சிறு வயதில் அதைப் பார்த்து நடுங்கியவர்கள் மறக்கவில்லை. வீடியோ காசெட்டில் போடும்படி டிஸ்னிக்குப் பல ஆண்டுகள் நச்சரித்தார்கள். அமெரிக்காவில் காசெட் வந்தது 1998-ல். அந்த 13 ஆண்டு காலமும் இந்தக் கதை உயிரோடு இருந்ததில் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் பங்கு உண்டு.

பாட்டு வாத்தியார்

விளையாட்டைச் செய்தவர் ஆல் லோ. 15 வருடம் பள்ளிக்கூடத்தில் இசை கற்றுக் கொடுத்த வாத்தியார் இவர். பிறகு சியரா ஆன்-லைன் என்ற கம்பெனியில் சேர்ந்தார். படத்துக்காகக் கையால் வரைந்த ஓவியங்களையும், இசைக் குறிப்பையும் டிஸ்னி இவருக்குத் திறந்து காட்டியது. அதை வைத்துக் கொண்டு 16 நிறத்தில், கட்டம் கட்டமாகத் தெரியும் உருவங்களாக முழுக் கதையையும் கொண்டு வந்துவிட்டார். (இதே வாத்தியார் மறு வருடம், 1987-ல், வயது வந்தவர்கள் மட்டும் ஆடக் கூடிய விளையாட்டைச் செய்து வேறு விதமாகப் புகழ் பெற்றார். அது இந்தப் பக்கத்துக்கு ஒத்து வராது!)

ஆல் லோ செய்த முக்கியமான காரியம் வேறு. தட்டச்சு வேலையை எடுத்துவிட்டார்.

அந்தக் காலத்து சாகச விளையாட்டுகள் பெரும்பாலும் எழுத்தால் நடப்பவை. 'நீ ஒரு வீட்டின் முன் நிற்கிறாய்' என்று திரையில் வரும். விளையாடுபவர் இங்கிலீஷில் 'ஓப்பன் டோர்' என்று தட்ட வேண்டும். கதவு திறக்கும். 'டோர்' என்பதில் ஒரு எழுத்து மாறினால் போச்சு. 'புரியவில்லை' என்று கம்ப்யூட்டர் கைவிரித்துவிடும்.

குகையில் பிறந்த விளையாட்டு

இதற்கெல்லாம் ஆதி எது? ஒரு குகை!

வில் குரோதர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் குகை குகையாக ஏறி இறங்குகிறவர். கென்டகி மாநிலத்தில் உள்ள மாமத் குகையை அளந்து வரைபடம் போட்டவர்களில் ஒருவர். மனைவியைப் பிரிந்த பிறகு, தன் இரண்டு பெண் பிள்ளைகளும் ஆடி மகிழ 1975-76-ல் ஒரு விளையாட்டு எழுதினார். அந்தக் குகையே விளையாட்டுக்குள் வந்தது. படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். பிள்ளைகள் தட்டும் சொல்லில் முதல் 5 எழுத்தை மட்டும் பார்த்து கம்ப்யூட்டர் பதில் சொன்னது. 1977-ல் டான் வுட்ஸ் என்பவர் அதைப் பெரிதாக்கினார்.

அதை ஆடிப் பைத்தியமான குடும்பத் தலைவி ராபர்ட்டா வில்லியம்ஸ். சாப்பாடு தூக்கம் மறந்து ஆடிய அவர், கணவர் கென்னோடு சேர்ந்து 1980-ல் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்து விற்றார். அந்தக் குடும்ப வியாபாரம்தான் பின்னாளில் சியரா கம்பெனி ஆனது. கருப்பு அண்டா வந்தது அங்கிருந்துதான். இந்தத் தம்பதி 2023-ல் அதே பழைய குகை விளையாட்டைப் புது உருவத்தில் திரும்பக் கொண்டு வந்தது குறிப்பிடத்தக்கது.

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில், பாறையில் வெட்டிய ஏழு பள்ளங்களில் கால் வைத்து ஏறி, 17 கல் படுக்கைகளையும் பார்த்து வந்த நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் குகை புதிதா என்ன? திருமயம் கோட்டை மேல் ஓடி விளையாடியவனுக்கு கொம்பு ராஜாவின் கோட்டை ஒரு பொருட்டா?

குகையோ கோட்டையோ அவனைத் தடுக்காது. தடுப்பது இங்கிலீஷ்தான்!

அக்காவும் தம்பியும்

2011-ல் பிளஸ்-2 மாணவ, மாணவிகளுக்கு அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் வீட்டில் முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது அப்படித்தான். அது ஊர் முழுக்க மின்வெட்டு இருந்த காலம். ஃபேன் சுற்றாத வீட்டிலும் லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடும்!

அப்படி ஒரு லேப்டாப் ஆலங்குடிப் பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அக்கா பிளஸ்-2. தம்பி ஆறாம் வகுப்பு. இருவரும் எழுத்து விளையாட்டு ஒன்றைத் திறக்கிறார்கள்.

"அக்கா, கதவைத் திறக்கச் சொல்லுக்கா!"

"இங்கிலீஷ்ல அடிக்கணும்டா. டோருக்கு எத்தனை 'ஓ'?"

"ஒண்ணு!"

ஒரு 'ஓ' போட்டுத் தட்டுகிறாள். திறக்கவில்லை. ரெண்டு 'ஓ' போட்டால் 'ஓப்பன்' என்பதில் 'ஈ' விட்டுப் போகிறது. அதுவும் திறக்கவில்லை. பத்து நிமிடத்தில் தம்பி எழுந்து பம்பரம் எடுத்துக் கொண்டு போய்விடுவான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா?

கருப்பு அண்டாவில் இந்தத் தொல்லை இல்லை. கீபோர்டின் மேல் வரிசையில் உள்ள எஃப் சாவிகளில் ஒன்று 'பார்', ஒன்று 'செய்', ஒன்று 'கையில் உள்ள பொருளைப் பயன்படுத்து'. அம்புக்குறி சாவியால் டாரனை நடக்க விடலாம். எழுத்துக் கூட்ட வேண்டியதே இல்லை. குழந்தைகள் ஆடவேண்டும் என்பதற்காக 1986-ல் செய்த இந்த ஏற்பாடு, இங்கிலீஷ் தட்டத் தெரியாத எவருக்கும் உதவும். ஆனாலும் திரையில் வரும் சேதியைப் படிக்க இங்கிலீஷ் வேண்டும். அதற்கு அக்கா பக்கத்தில் இருக்க வேண்டியதுதான்.

தமிழில் வந்தால்?

'கதவைத் திற' என்று தமிழிலேயே தட்டினால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சங்கடம் இருக்கிறது.

இங்கிலீஷில் 'ட்ரீ' எப்போதும் 'ட்ரீ'. அதில் ஏறினாலும் வெட்டினாலும் சொல் மாறாது. தமிழில் மரம் என்பது மரத்தை வெட்டு, மரத்தில் ஏறு, மரத்துக்குப் பின்னால் ஒளி என்று ஆளைப் பார்த்து வேஷம் மாற்றுகிறது. 'மரம்' என்ற சொல்லைத் தேடும் கம்ப்யூட்டருக்கு 'மரத்தை' என்பதில் மரமே அகப்படாது! குரோதர் செய்தது போல முதல் சில எழுத்தை மட்டும் பார்க்கலாம். 'மர' என்றாலே மரம்தான் என்று வைத்தால், 'மரவட்டையைப் பிடி' என்று தட்டுகிறவன் மரத்தைப் பிடித்துக் கொண்டு நிற்பான்.

போதாததற்கு எங்கள் ஊர்ப் பையன் 'கதவைத் திற' என்றா தட்டுவான்? 'கதவ தொற' என்பான். அதையும் புரிந்து கொள்ள வேண்டும். முடியாத காரியம் இல்லை. மரம் மரத்தை ஆவதற்கும், வீடு வீட்டை ஆவதற்கும் விதி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வேற்றுமை உருபு என்று மனப்பாடம் செய்ததெல்லாம் அதுதானே! அந்த விதிகளை உட்கார்ந்து எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும்.

பசி எடுக்கும், ஜாக்கிரதை!

விளையாட்டுக்கு வருவோம். டாரனுக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும். சோறு தண்ணீர் காட்டாமல் கோட்டைக்குக் கிளப்பினால் வழியிலேயே சுருண்டு விழுவான். வானத்தில் சிறகுள்ள ராட்சதப் பிராணிகள் வட்டமிடும். கண் அசந்தால் பன்றியைக் கொத்திக் கொண்டு போய்விடும்.

"அக்கா, பன்னியைத் தூக்கிட்டுப் போயிருச்சுக்கா!"

இங்கேதான் இந்த விளையாட்டு மற்றதிலிருந்து மாறுபடுகிறது. பன்றி போனால் ஆட்டம் முடிந்தது என்று மூட்டை கட்டவில்லை. கதை வேறு வழியில் திரும்பி ஓடுகிறது. பன்றி பிழைத்ததா, அண்டாவின் சக்தி எப்படி ஒழிந்தது, கடைசியில் டாரன் என்ன பரிசு கேட்டான் என்பதைப் பொறுத்து முடிவும் பல விதம்.

அண்டாவை உடைக்க முடியாது. உயிருள்ள ஒருவர் தானே மனமுவந்து அதில் குதித்தால்தான் அதன் சக்தி அடங்கும். குதித்தவர் பிழைத்து வரமாட்டார். படத்தில் குதிப்பது குர்கி. நாய் போலவும் குரங்கு போலவும் இருக்கும், எப்போதும் தின்பண்டம் கேட்டு நச்சரிக்கும் சின்னப் பிராணி. தியேட்டரில் குழந்தைகள் கேவி அழுத இடம் அது. விளையாட்டில் அது நடந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆடுகிறவர் கையில் இருக்கிறது.

இதை ஆட இப்போது காசு தேவையில்லை. ஆல் லோவே தன் இணையதளத்தில் இலவசமாக வைத்தார். 'ஸ்கம்விஎம்' என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பழைய லேப்டாப்பிலும், செல்போனிலும் ஓடும். பழைய இலவச லேப்டாப் பரணில் கிடந்தால் தூசி தட்டி எடுக்கலாம்.

ஆடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆட்டத்தை நடுவில் சேமித்து வைக்கும் வசதி உண்டு. அண்டாவை நெருங்கும் முன் சேமித்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தம்பி குர்கிக்காக அழ, அக்கா மறுபடியும் பன்றிக்குக் கஞ்சி ஊற்றுவதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்!