பட்டனா, பனியன் துணியா?

"வீட்டு லவ் பேர்ட்ஸ் மூச்சுத் திணறுகின்றன, ஒன்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. பறவைக் காய்ச்சலா?" என்று கேட்கிறார் பல்லடம் வாசகர் ஒருவர். பத்தே நிமிடத்தில் எல்லா வைரஸையும் காட்டிக்கொடுக்குமாம் ஒரு கிட். அதன் விளம்பரத்தையும் அனுப்பியிருக்கிறார். அந்தக் கிட்டின் ஒரு பட்டைக்குத் தெரிவது ஒன்றிரண்டு வைரஸ்தான். அதுவும் ஏராளமாக இருந்தால்தான் கோடு விழும். விழாவிட்டால் நோயில்லை என்று அர்த்தமில்லை.

கழுத்து திருகினால் என் முதல் சந்தேகம் வெள்ளைக்கழிச்சல், பண்ணைக்காரர்கள் சொல்லும் ராணிகெட். தீர்த்துவைக்க அருமையான பழைய சோதனை ஒன்று உண்டு. தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியை, 9, 10 நாள் கருமுட்டைக்குள் செலுத்துவார்கள். வைரஸ் இருந்தால் சில நாளில் முட்டைநீரில் பெருகிவிடும். அந்த நீரைக் குழித்தட்டில் விட்டு, கோழியின் சிவப்பணுக்களைச் சேர்த்து அரைமணி காத்திருந்தால் போதும்.

வைரஸின் மேல் துருத்தும் புரதங்கள், சிவப்பணுவின் மேலுள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொள்ளும். ஒரே வைரஸ் இரண்டு அணுக்களைப் பிடிக்கும். பக்கத்து வைரஸ் மூன்றாவதை இழுக்கும். இப்படிக் கண்ணிக்குக் கண்ணி பின்னி, குழியின் அடியில் மெல்லிய சிவப்புப் பனியன் துணி விரிந்துவிடும். பின்ன ஆளில்லையென்றால் அணுக்கள் சறுக்கி நடுவில் ஒரு பட்டனாகக் குவியும். தட்டைச் சாய்த்தால் பட்டன் வழியும், துணி நகராது. பனியன் கம்பெனி செக்கிங்கில் உட்காரும் எந்த அக்காவும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

சிக்கல் என்னவென்றால், பறவைக் காய்ச்சல் வைரஸும் இதே துணியைத்தான் பின்னும். அதனால் அடுத்த சுற்றில் ராணிகெட்டுக்கு எதிரான சீரத்தை முதலில் கலப்பார்கள். எதிர்ப்பொருள்கள் அந்தப் புரதங்களை மூடிவிட்டால் பின்னும் மெஷின் நின்றுபோகும், பட்டன் விழும். விழுந்தால் ராணிகெட். விழாவிட்டால் வேறு ஆள். பறவைக் காய்ச்சல் என்று உறுதிசெய்ய மாதிரி போபால் உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போகும்.

வரலாறு கேட்பவர்களுக்கு: சிவப்பணுக்கள் இப்படி ஒட்டுவதை 1941இல் இன்ஃப்ளூயன்சா வைரஸில் கண்டவர் ஜார்ஜ் ஹர்ஸ்ட். நோய்க்குப் பெயர் தந்த ராணிகெட், உத்தராகண்டின் மலையூர்.

இன்று பிசிஆர் சில மணிநேரத்தில் மரபுத்துண்டைக் கண்டுபிடித்துவிடும். உயிருள்ள வைரஸா என்பதை முட்டைதான் சொல்லும். கறிக்கோழிக்குப் பேர்போன பல்லடத்தில் ராணிகெட் ஒரு கூண்டோடு முடிகிற விஷயமுமில்லை. 1971இல் தெற்கு கலிபோர்னியாவில் இறக்குமதிக் கிளிகளோடு ராணிகெட் நுழைந்து, ஒழிப்பதற்குள் சுமார் 1.2 கோடி பறவைகள் அழிக்கப்பட்டன.

மூச்சுத் திணறலுக்கு வைரஸே காரணமாக இல்லாமலும் போகலாம். கிளமிடியா சிட்டசி என்ற பாக்டீரியாவும் இதைச் செய்யும், மனிதருக்கும் தொற்றும். ஆகவே, கடைக்காரர் தரும் ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் மாதிரி கொடுத்துவிடுங்கள். பொடி வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவின் தடயத்தை மட்டும் அழித்துவிடும்.